பேஸ்மேக்கர் வைத்த இடத்தில் ஒன்றரை வருடம் கழித்து வீக்கம்: உள்ளே துணி விடுபட்டிருக்குமா?

வாசகர் கேள்வி:

என் அப்பாவுக்கு வயது 71. இதயத்துடிப்பு மிகவும் குறைந்து அடிக்கடி மயங்கி விழுந்ததால் 2014இல் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். பேட்டரி தீரும் நிலைக்கு வந்ததால் 2023 இறுதியில் அதை மாற்றினார்கள். அறுவையின் நடுவில்தான் பழைய கம்பிகளில் ஒன்று பழுது என்று தெரிந்ததாம். புதுக்கம்பி ஒன்றைப் போட்டுவிட்டு, பழையதை உள்ளேயே விட்டுவிட்டார்கள். அப்பா இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அறுவை முடிந்த சில நாட்களில் அந்த இடம் நீலம் பாய்ந்து வீங்கியது. தானாகவே வடிந்துவிட்டது.

ஒன்றரை வருடம் கழித்து அதே இடத்தில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். காய்ச்சல் இல்லை. மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடும்போது குறையும், நிறுத்தினால் மறுபடி வரும். ஒருமுறை ஊசி போட்டு நீர் எடுத்துப் பரிசோதித்ததில் கிருமி எதுவும் வளரவில்லை. இப்போது பழைய தழும்பின் ஓரத்தில் சிறு துளை விழுந்து, பனியன் நனையும் அளவுக்கு நீர் கசிகிறது. எக்ஸ்ரேயில் பேட்டரியின் ஓரமாகச் சுருண்ட நூல் போன்ற கோடு தெரிகிறது. ஒரு டாக்டர் அது பழைய கம்பியின் நிழல் என்கிறார். இன்னொருவர், அறுவையின்போது துணி விடுபட்டிருக்கலாம் என்கிறார். ஒன்றரை வருடம் எந்தத் தொந்தரவும் தராமல் ஒரு துணி உள்ளே இருக்குமா? மொத்தக் கருவியையும் எடுக்க வேண்டும் என்கிறார்களே, துணியை மட்டும் எடுத்தால் போதாதா? இது புற்றுநோயாக இருக்குமோ என்று அம்மா அழுகிறார். தவறு நடந்திருந்தால் நாங்கள் யாரிடம் கேட்பது?

(தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்)

இதய மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. பேஸ்மேக்கர் இருக்கும் இடத்தில் தோலில் துளை விழுந்து நீர் கசிந்தால், அது தோலின் நோய் அல்ல; உள்ளே இருக்கும் கருவியின் பிரச்சினை. துளை கடுகளவு இருந்தாலும், காய்ச்சலும் வலியும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். பேஸ்மேக்கர் கம்பிகளை வெளியே எடுக்கும் வசதியும் அனுபவமும் உள்ள இதய மருத்துவமனைக்கு இந்த வாரத்திலேயே அப்பாவை அழைத்துச் செல்லுங்கள். நான்காவது முறையாக ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டாம். இன்னொரு முறை ஊசி குத்தி நீர் எடுக்க யாரையும் அனுமதிக்க வேண்டாம். உள்ளே கிருமி இல்லாதிருந்தால் அந்த ஊசியே கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், கம்பியின் உறையிலும் பட்டுவிடலாம். சந்தேகத்துக்காக, தோலுக்கடியில் கருவி உட்கார்ந்திருக்கும் பையில் ஊசி குத்தக் கூடாது என்று இதய மின்னியல் மருத்துவர்களின் சர்வதேச வழிகாட்டுதல்கள் தெளிவாகவே சொல்கின்றன. அப்படியும் நம் ஊர்களில் இது இன்னும் நடப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அம்மாவிடம் சொல்லுங்கள்: ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது குறைந்து, நிறுத்தினால் திரும்ப வந்து, கடைசியில் துளை போட்டுக் கசிகிற வீக்கம் புற்றுநோயின் போக்கு அல்ல. எடுக்கும் திசுவை எப்படியும் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள், அந்த அறிக்கையிலேயே அது உறுதியாகிவிடும்.

இனி துணி விஷயம். விடுபடக்கூடும். அரிதுதான், ஆனாலும் நடக்கிறது. பேஸ்மேக்கர் பையில் விடுபட்ட துணியை மாதங்கள் கழித்தும் ஆண்டுகள் கழித்தும் எடுத்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வயிற்று அறுவையில்தான் இது அதிகம் என்பதால், பேஸ்மேக்கர் வைத்தவருக்கு வீக்கம் வந்தால் டாக்டர்களுக்கே துணியின் நினைப்பு சட்டென்று வருவதில்லை.

எப்படி விடுபடுகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். காரை எலும்புக்குக் கீழே சில விரற்கடை நீளத்துக்குத் தோலைக் கீறி, மார்புத் தசையின்மேல் திசுவை விரலால் விலக்கி, கருவி உட்காரும் அளவுக்கு ஒரு பை உண்டாக்குகிறோம். அந்த இடத்தில் சிறு இரத்தக் குழாய்கள் கசிந்துகொண்டே இருக்கும். கசிவை அடக்க, ஈரமான காஸ் துணியை மடித்துப் பைக்குள் அழுத்தி வைத்துவிட்டு, கண்ணைத் திரையின் பக்கம் திருப்புகிறோம். கம்பியை இரத்தநாளம் வழியாக இதயத்துக்குள் கொண்டுபோக வேண்டும், பிடிப்பான இடத்தில் பதிக்க வேண்டும், மின்னளவுகள் சரியாக வருகின்றனவா என்று சோதிக்க வேண்டும். எளிதாக முடிந்தால் அரை மணி நேரம். பழைய கம்பிகள் அடைத்துக்கொண்டிருக்கும் நாளத்தில் புதிதாக ஒன்றை நுழைப்பதென்றால் இரண்டு மணி நேரமும் ஆகலாம். அதற்குள் பைக்குள் வைத்த துணி இரத்தத்தில் ஊறி, சுருங்கி, சுற்றியுள்ள தசையின் நிறத்துக்கே வந்துவிடும். அது பையின் மேல் மூலையில் போய் ஒதுங்கிக்கொண்டால், குனிந்து பார்த்தாலும் தெரியாது. விரலை விட்டுத் துழாவினால்தான் தட்டுப்படும். அதைச் செய்யாமல் மேலே பேட்டரிப் பெட்டியை வைத்துத் தைத்துவிட்டால், பெட்டியே அதை மறைத்துவிடுகிறது.

பேட்டரி மட்டும் மாற்றுவதாகத் தொடங்கிய உங்கள் அப்பாவின் அறுவை, நடுவில் புதுக்கம்பி போடும் அறுவையாக மாறியிருக்கிறது. உடலுக்குள் விடுபட்ட அறுவைப் பொருட்களைப் பற்றி 2003இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, 54 நோயாளிகளின் உடலில் விடுபட்ட 61 பொருட்களை ஆராய்ந்தது. அவற்றில் பத்தில் ஏழு பங்கு துணிகள். திட்டம் நடுவில் மாறிய அறுவைகளில் பொருள் விடுபடும் ஆபத்து சுமார் நான்கு மடங்கு என்று அதில் தெரியவந்தது. என்னை அதிகம் யோசிக்கவைத்தது அதே ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பு. இப்படிப் பொருள் விடுபட்ட அறுவைகளில் எண்ணிப் பார்த்திருந்தவற்றிலும், 88 சதவீதத்தில் கணக்கு சரி என்றே எழுதப்பட்டிருந்தது. ஆகவே அப்பாவின் அறுவைக் குறிப்பில் 'கணக்கு சரிபார்க்கப்பட்டது' என்று இருந்தாலும், அதை வைத்து யாராவது உங்கள் சந்தேகத்தைத் தள்ளினால் ஏற்க வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், நோயாளி அறையை விட்டு வெளியேறும் முன் கருவிகள், துணிகள், ஊசிகள் எல்லாவற்றையும் எண்ணி உரக்கச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. பெரிய அறுவை அரங்குகளில் இது பழக்கமாகிவிட்டது. பேஸ்மேக்கர் பெரும்பாலும் கேத் லேபில், அதாவது இரத்தநாளம் வழியாக இதய சிகிச்சை செய்யும் அறையில் வைக்கப்படுகிறது. அங்கே அன்றாடம் நடப்பது ஊசித்துளை வழியாகச் செய்யும் வேலை. திறந்த காயம் அங்கே விதிவிலக்கு. அதனால் எண்ணும் ஒழுங்கு பல இடங்களில் தளர்வாகவே இருக்கிறது என்பது என் கருத்து. எக்ஸ்ரேயில் தெரியும் நூல் இழையோடிய துணிக்குப் பதிலாக, சுருளிலிருந்து வெட்டிய சாதாரணத் துணியைப் பயன்படுத்தும் இடங்களும் உண்டு. அது உள்ளே தங்கிவிட்டால் எக்ஸ்ரே அதைக் காட்டவே காட்டாது. ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று யாருக்காவது சொல்லப்பட்டால், அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை.

ஒன்றரை வருடம் எப்படித் தொந்தரவு தராமல் இருந்தது என்பது உங்கள் முக்கியமான கேள்வி. பருத்தியை நம் உடலால் கரைக்க முடியாது. கரையும் தையல் நூல் சில வாரங்களிலோ மாதங்களிலோ போய்விடும். பருத்தி இழை எத்தனை வருடமானாலும் அப்படியே இருக்கும். உடல் அதை இரண்டு விதங்களில் எதிர்கொள்கிறது. சிலருக்குத் துணியோடு போதிய கிருமி சேர்ந்துவிட்டிருக்கும். அவர்களுக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ சீழ் பிடித்து, வலியும் காய்ச்சலும் வந்து, விஷயம் வெளியே வந்துவிடும். மற்றவர்களுக்கு, துணியைச் சுற்றி உடல் நார்த்திசுவால் கெட்டியான சுவர் எழுப்பி அதைத் தனியே ஒதுக்கிவிடுகிறது. அந்தச் சுவருக்குள் அழற்சி அணைவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேரும், சுவர் தடிக்கும், மேலே உள்ள தோல் இழுபட்டு மெலியும். வயதானவர்களின் மார்பில் கொழுப்பு குறைவு என்பதால் தோல் சீக்கிரம் தோற்றுவிடுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, அதாவது நீண்ட அமைதி, பிறகு வீக்கம், பிறகு தழும்பின் ஓரத்தில் துளை, இந்த இரண்டாவது வகைக்குப் பொருந்துகிறது.

பொருந்துகிறது என்பதால் துணிதான் என்று முடிவு கட்டிவிட முடியாது. அப்பாவின் விஷயத்தில் சந்தேகப்பட வேறு காரணங்களும் இருக்கின்றன, அவை துணியை விட அதிகம் காணப்படுபவை. முதல் காரணம், அறுவை முடிந்ததும் நீலம் பாய்ந்து வீங்கியதாக எழுதியிருக்கிறீர்களே, அது பைக்குள் தேங்கிய இரத்தம். அப்படித் தேங்குபவர்களுக்கு அடுத்த ஓராண்டில் கருவியில் கடுமையான கிருமித்தொற்று வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று கனடாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. தானாக வடிந்துவிட்டது என்று நீங்கள் நிம்மதி அடைந்ததில் தவறில்லை. ஆனால் அந்த வீக்கத்தைப் புதிய டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டாவது, பேட்டரி மாற்றும் அறுவையே முதல் அறுவையை விடத் தொற்று ஆபத்து கூடியது. பழைய நார்த்திசுப் பைக்கு இரத்த ஓட்டம் குறைவு, கிருமியை எதிர்க்கும் திறனும் அங்கே குறைவு. மூன்றாவது, கம்பியைத் தசையோடு கட்டி நிறுத்தப் பயன்படும் கரையாத நூல். அதைச் சுற்றியும் சில நேரம் கட்டி வரும், பெரும்பாலும் சிறியதாக இருக்கும். நான்காவது, உள்ளே விட்ட பழைய கம்பி.

அந்தக் கம்பியை விட்டதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். பல வருடம் இருந்த கம்பி நாளத்தின் சுவரோடும் இதயத்தோடும் நார்த்திசுவால் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுப்பது ஆபத்தான வேலை என்பதால், தொற்று இல்லாதபோது முனைக்குத் தொப்பி போட்டு உள்ளேயே விடுவது உலகெங்கும் நடைமுறை. ஆனால் விட்டோம் என்ற செய்தி நோயாளியின் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்பும், இப்போது போல ஒரு சிக்கல் வரும்போதும் அது தேவைப்படும். உங்களுக்கு வாய்மொழியாகவாவது சொல்லியிருக்கிறார்கள். பலருக்கு அதுவும் சொல்லப்படுவதில்லை.

எக்ஸ்ரேயில் தெரியும் அந்தக் கோட்டைப் பற்றி. படத்தைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் பார்க்கும் முறையைச் சொல்லலாம். பேஸ்மேக்கர் கம்பிக்கு ஒரு பாதை உண்டு. பெட்டியிலிருந்து கிளம்பி, காரை எலும்பின் அடியில் நாளத்துக்குள் நுழைந்து, வளைந்து இதயத்தில் முடியும். கைவிடப்பட்ட கம்பி பெட்டியில் சேராது. அதன் தொப்பி போட்ட முனை பைக்குள்ளேயே நிற்கும், மறுமுனை மட்டும் இதயத்துக்குப் போகும். துணியின் நூலோ எங்கும் போகாது. மெல்லிய நாடாவைக் கசக்கிப் போட்டாற்போல் ஒரே இடத்தில் சுருண்டு மடிந்து கிடக்கும். படத்தில் தெரியும் ஒவ்வொரு கோட்டையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தொடர்ந்து பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள். அப்பாவுக்கு எத்தனை கம்பிகள் இருக்க வேண்டும் என்ற கணக்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். அதற்கு மேல் ஒரு கோடு இருந்தால் அது கம்பி அல்ல. நேராக எடுத்த படத்தில் பெட்டி மறைக்கும், அதனால் சாய்த்தும் பக்கவாட்டிலும் படம் எடுக்க வேண்டும். 2023இல் அறுவை முடிந்த மறுநாள் எடுத்த எக்ஸ்ரே கிடைத்தால் இன்னும் நல்லது. அதே கோடு அன்றைக்கே இருந்தால் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். உலோகப் பெட்டி அருகில் இருப்பதால் சி.டி. ஸ்கேன் படம் கொஞ்சம் கலங்கித் தெரியும். இருந்தாலும் துணியின் மடிப்புகளுக்கிடையே சிக்கிய காற்றுக் குமிழிகள் கடற்பஞ்சு போன்ற தோற்றத்தில் சில நேரம் தெளிவாகவே தெரியும். இரத்தக் கசிவை நிறுத்த சில மருத்துவர்கள் வைக்கும் கரையும் பொருளும் அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் இதே தோற்றத்தைத் தரும். ஒன்றரை வருடம் கழித்து அது இருக்காது. தொற்றைத் தடுக்கக் கருவியைச் சுற்றி வைக்கும் ஆன்டிபயாடிக் வலையுறை பயன்படுத்தினார்களா என்றும் கேளுங்கள். இப்போதைய வலையுறைகள் சுமார் ஒன்பது வாரங்களில் கரைந்துவிடும். முன்பு வந்தவை கரையாதவை.

'கிருமி எதுவும் வளரவில்லை' என்ற அறிக்கையை நம்பி இருக்காதீர்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் எடுத்த நீரில் கிருமி வளராமல் போவது சாதாரணம். பேஸ்மேக்கர் தொற்றை அதிகம் உண்டாக்குபவை நம் தோலிலேயே வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் இனக் கிருமிகள். இவை உலோகத்தின் மீதும் கம்பியின் மீதும் துணியின் மீதும் வழவழப்பான ஒரு படலம் கட்டி அதற்குள் பதுங்கிவிடும். மருந்து அந்தப் படலத்துக்குள் போதிய அளவு நுழையாது, தளர்ந்து மிதக்கும் கிருமிகளை மட்டும் கொல்லும். மாத்திரை சாப்பிட்டால் வீக்கம் குறைந்து, நிறுத்தினால் திரும்ப வருவது இதனால்தான். இன்னொரு வகையும் நம் நாட்டில் நினைவில் இருக்க வேண்டும். காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் மைக்கோபாக்டீரியாக்கள் இப்படி மாதக்கணக்கில் தாமதித்து, காய்ச்சல் இல்லாமல், வெறும் நீர்க்கசிவாகத் தோன்றும். சாதாரண கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், அவை தப்பிவிடும், வழக்கமான ஆன்டிபயாடிக்குகளும் அவற்றைத் தொடுவதில்லை. எனவே அறுவையில் எடுக்கும் திசுவுக்கு மைக்கோபாக்டீரியா கல்ச்சரும் கேட்டுப் பெறுங்கள், சாதாரண கல்ச்சரையும் கூடுதல் நாட்கள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கையிலிருந்து இரத்தம் எடுத்துக் குறைந்தது இரண்டு கல்ச்சர்களாவது அனுப்ப வேண்டும். கம்பியிலோ வால்விலோ கிருமி படிந்திருக்கிறதா என்று பார்க்க உணவுக்குழாய் வழியாக எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள். அது சற்று அசௌகரியமான பரிசோதனை, தவிர்க்கக் கூடாதது.

துணியை மட்டும் எடுத்தால் போதாதா? இதைக் கேட்காத குடும்பமே இல்லை. தோலில் துளை விழாமல், எந்தத் தொற்றும் இல்லாமல், தற்செயலாகத் துணி கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், அதை மட்டும் எடுத்துக் கருவியை இடம் மாற்றலாமா என்று யோசிக்கவாவது இடம் இருந்திருக்கும். அப்பாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. துளை விழுந்த பிறகு பை வெளியுலகத்தோடு தொடர்பு கொண்டுவிட்டது. பைக்குள் இருக்கும் கம்பியின் ஒரு முனை தோலின் அடியில், மறுமுனை இதயத்தின் உள்ளறையில். கிருமி அந்த வழியிலேயே ஊர்ந்து இதயத்துக்குள் போகும். அதனால்தான் பேட்டரி, வேலை செய்யும் கம்பிகள், கைவிட்ட கம்பி, துணி இருந்தால் துணி, தடித்த நார்த்திசுச் சுவர் என எல்லாவற்றையும் எடுக்கச் சொல்கிறார்கள். துளையைச் சுத்தம் செய்து மேலே தைத்துவிட்டால் சில வாரம் நன்றாக இருக்கும், பிறகு திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் முந்தையதை விட மோசமான நிலையில் நோயாளி வந்து சேர்கிறார். உங்கள் டாக்டர் சொன்னது சரி. அதை இப்போதே செய்துகொள்ளுங்கள்.

ஆபத்தை மறைக்கவும் மாட்டேன். 2014ஆம் ஆண்டுக் கம்பிகள் பதினோரு வருடப் பழையவை. அவற்றைச் சுற்றி இறுகிய நார்த்திசுவை லேசர் உறை அல்லது சுழலும் உறை கொண்டு அறுத்துக்கொண்டே போய் எடுக்க வேண்டும். மேலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் மேல் பெருஞ்சிரை கிழிவதும் இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்குவதும் அஞ்ச வேண்டிய விபத்துகள். அதனால்தான் இதய அறுவை நிபுணர் அருகில் தயாராக இருக்கும் இடத்தில், இதைத் தொடர்ந்து செய்யும் கையால் செய்ய வேண்டும் என்கிறேன். இந்த வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. சென்னை வரை போக வேண்டியிருந்தால் போய்வாருங்கள். லேசர் முறையில் 1,449 பேருக்குக் கம்பி எடுத்ததை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், பெரிய சிக்கல் ஏற்பட்டவர்கள் 1.4 சதவீதம், சிகிச்சையின் காரணமாக இறந்தவர்கள் 0.3 சதவீதத்துக்கும் குறைவு. தொற்றுள்ள கம்பியை உள்ளேயே விடுவதன் ஆபத்து இதைவிடப் பலமடங்கு பெரியது. மருத்துவமனையில் உங்களிடம் இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கேளுங்கள். 'நீங்கள் வருடத்துக்கு எத்தனை பேருக்குக் கம்பி எடுக்கிறீர்கள்?' என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல மருத்துவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

எடுத்த பிறகு அப்பாவின் துடிப்பை என்ன தாங்கும் என்று பயப்படுவீர்கள். அவர் இதயம் கருவியையே நம்பி இருந்தால், கழுத்து நாளம் வழியாகத் தற்காலிகக் கம்பி வைத்து வெளியிலிருந்து துடிப்பைக் கொடுப்பார்கள். இரத்தக் கல்ச்சர் குறைந்தது மூன்று நாட்கள் சுத்தமாக இருந்தால், மறுபக்க மார்பில் புதிய கருவி வைப்பார்கள். சிலருக்கு இதயத்துக்குள்ளேயே வைக்கும் கம்பியில்லாப் பேஸ்மேக்கர் பொருந்தும், விலை மட்டும் அதிகம். பையோடு நின்ற தொற்றுக்கு எடுத்தபின் பத்து முதல் பதினான்கு நாட்கள் மருந்து போதும். இரத்தத்தில் கிருமி இருந்தால் அதற்கு மேல், வால்வில் இருந்தால் நான்கு முதல் ஆறு வாரம். மைக்கோபாக்டீரியா என்றால் மாதக்கணக்கு.

கருவியை எடுத்தால் ஆயுள் குறையும் என்று அப்பா நினைத்தால் இதைச் சொல்லுங்கள். உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கரை உலகிலேயே முதலில் பெற்றவர் ஆர்னே லார்சன். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர் அதைப் பொருத்தினார். அந்த முதல் கருவி சில மணி நேரம்தான் உழைத்தது. லார்சன் இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றிக்கொண்டு, 86 வயது வரை வாழ்ந்து, இதயத்துக்குத் தொடர்பில்லாத நோயால் 2001இல் இறந்தார்.

யாரிடம் கேட்பது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. ஆனாலும் மருத்துவராகச் சில விஷயங்களை உறுதியாகச் சொல்லலாம். அறுவையில் துணி கிடைத்தால், அதை எடுத்ததும் புகைப்படம் எடுத்து, அறுவைக் குறிப்பில் எழுதி, நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்பும்படி முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. 2023இல் அறுவை செய்த மருத்துவமனையிடம் முழு ஆவணங்களையும் எழுத்துமூலம் கேளுங்கள்: அறுவைக் குறிப்பு, துணிக் கணக்குத் தாள், எக்ஸ்ரே படங்கள், கருவியின் வரிசை எண் ஒட்டிய அட்டை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும். அதே விதிகள், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரைதான் உள்நோயாளியின் ஆவணங்களை வைத்திருக்கச் சொல்கின்றன. அப்பாவின் விஷயத்தில் அது 2026 இறுதி. அதற்கு முன் வாங்கிவிடுங்கள். சண்டை போடாமல், சிகிச்சைக்குத் தேவை என்று சொல்லிக் கேளுங்கள். உண்மையும் அதுதான்.

1963இல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் கருத்தடை அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றில் துணி விடப்பட்டு, அவர் சில நாட்களில் இறந்தார். 1996இல் உச்ச நீதிமன்றம், உள்ளே துணி கிடந்ததே கவனக்குறைவுக்குச் சான்று என்று ஏற்று, அரசைப் பொறுப்பாக்கியது. ஆனால் காலத்தின் பக்கத்தையும் பாருங்கள். 1993இல் நடந்த பித்தப்பை அறுவையில் விடுபட்ட துணி 2002இல் வெளியே எடுக்கப்பட்டு, 2004இல் புகார் கொடுக்கப்பட்ட ஒரு வழக்கை, காலம் கடந்துவிட்டது என்று 2010இல் அதே நீதிமன்றம் நிராகரித்தது. பாதிப்பு வெளியே தெரியாத நிலையில் அதை அறிந்த நாளிலிருந்து காலத்தைக் கணக்கிடலாம் என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், அந்த நோயாளிக்கு ஆரம்பத்திலேயே வலி இருந்தும் அவர் அறுவை செய்தவரிடம் திரும்பப் போகவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு வரையறை உண்டு. அறுவை நாளிலிருந்து கணக்கிட்டாலும் உங்களுக்குப் பாதகம் வராதபடி, ஒரு வழக்கறிஞரை இப்போதே பார்த்துவிடுங்கள். கைதேர்ந்த மருத்துவருக்கும் இது நேரலாம் என்று எனக்குத் தெரியும். அதற்காக உங்கள் அப்பா அனுபவிக்கும் துன்பத்துக்குப் பதில் கேட்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

மருத்துவமனைக்குப் போகும் வரை: துளையின் மேல் சுத்தமான உலர்ந்த துணிக்கட்டு மட்டும் போதும். மஞ்சள், மருந்துப்பொடி, களிம்பு எதுவும் வேண்டாம். அழுத்திப் பிதுக்க வேண்டாம். அந்த இடம் நனையாமல் உடம்பு துடைத்துவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது நிறுத்துவது என்று அறுவை செய்பவர் சொல்வார். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், மூச்சிரைப்பு, தலைசுற்றல், துளை வழியாகப் பெட்டியின் உலோகம் தெரிவது, இவற்றில் எது வந்தாலும் அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வாசலில் பார்க்கும் முதல் மருத்துவரிடமே, 'பேஸ்மேக்கர் பையில் துளை விழுந்திருக்கிறது, முதலில் இரத்தக் கல்ச்சர் எடுங்கள், பிறகு ஆன்டிபயாடிக் போடுங்கள்' என்று சொல்லுங்கள்.